ஊர் எல்லையில் இருந்தவரை: லண்டன் கிரெமோர்ன் பூங்காவின் கதை

லண்டனின் செல்சீ வட்டாரத்தில் ஸ்டேடியம் ஸ்ட்ரீட் என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. அங்கே எந்த விளையாட்டரங்கமும் கண்ணில் படாது, குடியிருப்புகள்தான். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் தேம்ஸ் ஆறு வந்துவிடும். கரையோரமாக ஒரு குட்டிப் பூங்கா. அதற்குள் அந்த இடத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய, வேலைப்பாடுள்ள இரும்புக் கேட் நிற்கிறது. தெருவின் பெயரும் இந்தக் கேட்டும் ஒரே இடத்தின் மிச்சங்கள். கிங்ஸ் ரோட்டிலிருந்து ஆற்றங்கரை வரை, சுமார் 12 ஏக்கரில், 1845 முதல் 1877 வரை இங்கே கிரெமோர்ன் கார்டன்ஸ் என்ற கேளிக்கைப் பூங்கா நடந்தது. நடனம், வாணவேடிக்கை, பலூன், கயிற்றின் மேல் நடக்கும் வித்தை, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் அங்கே உண்டு.

ஒழுக்கக் கேடு என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்து மூடவைத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான். இந்தப் பூங்கா பிழைத்ததே ஊர் எல்லையில் இருந்ததால். எல்லை நகர்ந்ததும் அதன் காலமும் முடிந்தது. அந்த இடத்துக்கு யார் யார் சொந்தக்காரர்களாக இருந்தார்கள் என்று முதலிலிருந்து பார்த்தால் இது புரியும்.

1740களின் நடுவில் ஹண்டிங்டன் பிரபு இங்கே ஒரு வீடு கட்டினார். செல்சீ ஃபார்ம் என்று பெயர். அப்போது செல்சீ லண்டனில் சேராத ஆற்றங்கரைக் கிராமம். காய்கறித் தோட்டங்களும், காற்று வாங்க வரும் பிரபுக்களின் மாளிகைகளுமாக இருந்தது. பக்கத்தில் கிங்ஸ் ரோட்டில் இருந்த சத்திரத்தின் பெயரே 'உலகத்தின் கடைசி'. இன்றும் அந்தப் பகுதியை வேர்ல்ட்ஸ் எண்ட் என்றுதான் சொல்கிறார்கள். பிரபு 1746இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவி செலினா, மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சமய இயக்கத்தின் பெரிய தூண்களில் ஒருவர். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிப் பேசிய ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டைத் தன் செல்சீ வீட்டுக்கு அழைத்துப் பிரபுக்களுக்குப் பிரசங்கம் செய்யவைத்தவர் அவர். நூறு ஆண்டு கழித்து 'பாவத்தின் கூடாரம்' என்று வைதார்களே, அந்த இடத்தின் தொடக்கம் இதுதான்.

பிறகு சொத்து கைமாறி, தாமஸ் டாசன் என்ற அயர்லாந்துப் பிரபுவிடம் வந்தது. அவருக்கு 1785இல் வைகவுண்ட் கிரெமோர்ன் பட்டம் கிடைத்தது. அயர்லாந்தின் மோனஹன் மாவட்டத்தில் உள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர் அது. அந்தப் பெயரின் முற்பகுதிக்கு ஐரிஷ் மொழியில் 'எல்லை' என்றும் ஒரு பொருள் உண்டு. ஜேம்ஸ் வயட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அவர் வீட்டைப் பெரிதாக்கினார். அவருடைய மனைவி ஃபிலடெல்ஃபியா, பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பேத்தி. கணவர் 1813இலும், மனைவி 1826இலும் இறந்தார்கள். நேரடி வாரிசு இல்லாமல் சொத்து பென் குடும்பத்து உறவினர் ஒருவருக்குப் போனது. அவர் அதை வைத்துக்கொள்ள விரும்பாமல் விற்றார்.

இந்த மாதிரி இடங்கள்தான் கேளிக்கைப் பூங்காக்களாக மாறும். கோடைக்காலத்துக்கு மட்டும் வந்து போகும் ஒரு மாளிகை, அதைக் கட்டிக் காக்க முடியாத வாரிசு, பக்கத்தில் வளர்ந்துகொண்டே வரும் நகரம். வாங்குபவருக்கோ எல்லாம் தயாராக இருக்கும். டிக்கெட் வாங்காமல் யாரும் நுழைய முடியாதபடி சுற்றுச்சுவர் இருக்கும். புதிதாக நட்டால் இரண்டு தலைமுறை காத்திருக்கவேண்டிய மரங்கள் வளர்ந்து நிழல் தந்துகொண்டிருக்கும். மாளிகையின் கூடங்கள் சாப்பாட்டு அறைகளாகும். பிரபுவின் படகு வந்து நின்ற துறையில் இனி நீராவிப் படகுகள் நிற்கும். சாலைகள் மோசமாக இருந்த காலத்தில் ஆறுதான் லண்டனின் நல்ல சாலை. கிரெமோர்ன் துறையில் படகு நின்றதால்தான், நகரத்தின் நடுவில் வேலை பார்க்கும் குமாஸ்தாவும் கடைப் பையனும் சில பென்னி செலவில் மாலையில் வந்து இறங்க முடிந்தது.

ஆனால் முதலில் வாங்கியவர் பூங்கா நடத்த வாங்கவில்லை. அவர் பெயர் சார்ல்ஸ் ராண்டம் டி பெரெஞ்சர். 1814 பிப்ரவரியில், ராணுவ அதிகாரி வேடத்தில் டோவர் துறைமுகத்தில் தோன்றி, நெப்போலியன் செத்துவிட்டான் என்று பொய்ச் செய்தி பரப்பி, லண்டன் பங்குச் சந்தையையே ஒரு நாள் ஆட்டிவைத்த மோசடியில் தண்டனை பெற்று உள்ளே போனவர். அதே வழக்கில் புகழ்பெற்ற கடற்படை வீரர் காக்ரன் பிரபுவுக்கும் தண்டனை கிடைத்தது. சிறையிலிருந்து வந்து, பல ஆண்டு கழித்து, 1830களின் தொடக்கத்தில் டி பெரெஞ்சர் இங்கே 'ஸ்டேடியம்' என்ற விளையாட்டுக் கிளப்பைத் திறந்தார். துப்பாக்கி சுடுதல், நீச்சல், வாள்வீச்சு, குத்துச்சண்டை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்டேடியம் ஸ்ட்ரீட் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். கிளப் பெரிதாக ஓடவில்லை. சந்தாவை நம்பிக் காலம் தள்ள முடியாமல், நடுவில் பொது விழாக்களும் பலூன் ஏற்றமும் நடத்திப் பார்த்தார்கள். அவற்றுக்குக் கூட்டம் வந்தது. 1845இல் டி பெரெஞ்சர் இறந்தார். அதே ஆண்டில் இடம் முழு நேரக் கேளிக்கைப் பூங்காவானது.

அதற்குப் பிறகு நடத்தியவர்கள் பலர். ரென்டன் நிக்கல்சன், ஜேம்ஸ் எல்லிஸ், தாமஸ் பார்ட்லெட் சிம்ப்சன், எட்வர்ட் டிரெல் ஸ்மித், கடைசியாக ஜான் பாம். இவர்களில் நிமிர்ந்து நின்றவர் சிம்ப்சன்தான். 1850களில் அவர் கையில் இருந்தபோதுதான் பூங்கா அதன் உச்சத்தைத் தொட்டது. 1859இல் பழம்பெரும் வாக்ஸ்ஹால் பூங்காவும் மூடப்பட்டது. செல்சீயிலேயே இருந்த ரேனலா பூங்கா 1803லேயே போய்விட்டது. ஆக, அந்தப் பழைய மரபில் லண்டனில் பெரிய அளவில் எஞ்சி நின்றது கிரெமோர்ன் என்று சொல்லலாம்.

நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கிங்ஸ் ரோடு கேட் வழியாகவும் வரலாம், ஆற்றுத் துறை வழியாகவும் வரலாம். நடுவில் சீன பாணிக் கோபுரம் போல ஒரு மண்டபம், அதன் மேல்தளத்தில் வாத்தியக் குழு. அதைச் சுற்றி வட்டமான நடன மேடை. ஃபீபஸ் லெவின் என்ற ஓவியர் 1864இல் வரைந்த படம் ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மேடை எப்படி இருந்தது என்று அதைப் பார்த்தால் தெரியும். மண்டபத்தைச் சுற்றிலும் எரிவாயு விளக்குகளின் வளைவுகள். உயரத் தொப்பி போட்ட ஆண்கள், கூண்டு வைத்த அகலப் பாவாடையில் பெண்கள். மேசையில் பாட்டில்கள். யாரோ யாரையோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள், யாரோ விலகிப் போகிறார்கள். வீட்டில் எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியுமாக வாழ்ந்தவர்களுக்கு, மரங்களுக்கு நடுவே திடீரென்று இத்தனை வெளிச்சம் என்றால் அதுவே ஒரு காட்சிதான். அதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

ஒரே நாளில் இரண்டு பூங்காக்கள் இருந்தன. பகலில் குடும்பங்கள், குழந்தைகள், சர்க்கஸ், பொம்மலாட்டம், தேநீர். இருட்டியதும் அவர்களை நீராவிப் படகு கிழக்கே ஏற்றிச் சென்றுவிடும். அப்புறம் மேற்கு லண்டனிலிருந்து குதிரை வண்டிகளில் வேறு கூட்டம் வரும். காசுள்ள இளைஞர்கள், அவர்களை நம்பி வரும் பெண்கள். பாலியல் தொழில் அங்கே நடந்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. அதே சமயம், நேரில் போய்ப் பார்த்து எழுதிய மருத்துவர் வில்லியம் ஆக்டன், எதிர்பார்த்த கூச்சலும் ஆபாசமும் அங்கே இல்லை, கூட்டம் அடங்கித்தான் இருந்தது என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறார். குதிரைப் பந்தய நாளின் இரவும் படகுப் பந்தய நாளின் இரவும் அப்படி இல்லை. அன்றைக்கு அடிதடி, கண்ணாடி உடைப்பு எல்லாம் நடக்கும்.

இந்தத் தொழிலுக்கு உள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. இங்கிலாந்தின் கோடை குறுகியது, அதிலும் பாதி நாள் மழை. மழை பெய்தால் டிக்கெட் விற்காது, ஆனால் வாத்தியக்காரர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். வந்தவர்களை மறுபடியும் வரவழைக்கப் போன வருஷத்தைவிடப் பெரிதாக ஏதாவது காட்ட வேண்டும். கிரெமோர்னின் வித்தைகள் ஆண்டுக்கு ஆண்டு ஆபத்தாகிக்கொண்டே போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பலூனில் மனிதர் ஏறுவது பழசாகிவிட்டது. 1852இல் பாரிஸிலிருந்து வந்த மதாம் பொய்த்வான், கிரேக்கப் புராணத்தில் காளையின் மேல் ஏறிப் போகும் யூரோப்பாவாக வேடம் போட்டு, பலூனில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பசுங்கன்றின் மேல் உட்கார்ந்து வானில் போனார். பலூன் நகரத்தைத் தாண்டி இல்ஃபர்டு பக்கம் இறங்கியது. மிருகவதைக்கு வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள்.

1861 ஆகஸ்டில், மேடையில் வயலாந்தே என்று அழைக்கப்பட்ட செலினா யங், எதிர்க்கரையான பாட்டர்சீயிலிருந்து கிரெமோர்ன் வரை தேம்ஸின் மேல் கட்டிய கயிற்றில் நடந்து வந்தார். நயாகரா மேல் நடந்த புளோண்டனின் புகழ் பரவியிருந்த நேரம், இவரைப் 'பெண் புளோண்டன்' என்று விளம்பரம் செய்தார்கள். பெரும்பகுதி கடந்துவிட்டார். அப்போது கயிறு ஆடத் தொடங்கியது. நடுக்கயிறு அசையாமல் இருக்கப் பக்கவாட்டில் கயிறுகள் கட்டி, ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஈயத்துக்கு ஆசைப்பட்டு யாரோ அவற்றை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆற்றின் நடுவில், தொய்ந்து ஆடும் கயிற்றில், கையில் கழியோடு ஒரு பெண். அவர் நிதானமாக உட்கார்ந்து, ஒரு கயிற்றைப் பிடித்துச் சறுக்கி, கீழே இருந்த படகில் இறங்கினார். சில நாள் கழித்து மறுபடியும் முயன்று முழுதாகக் கடந்தார். மறு வருஷம் வேறொரு பூங்காவில் விழுந்து ஊனமுற்றார். அந்தப் பூங்காக்களின் வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது இவரையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1874இல் பெல்ஜியத்துக்காரரான வின்சென்ட் டி குரோஃப் வந்தார். பிரம்பும் பட்டும் வைத்து, வௌவால் இறக்கை போல 37 அடி அகலத்தில் ஒரு பறக்கும் கருவி செய்திருந்தார். பலூனில் தொங்கியபடி மேலே போய், அவிழ்த்துவிட்டதும் இறக்கையடித்துக் கீழே இறங்குவது திட்டம். ஜூலை 9ஆம் தேதி மாலை, பலூன் செல்சீயின் செயின்ட் லூக் தேவாலயக் கோபுரத்தை நெருங்கியது. கயிறு அவிழ்ந்தது. இறக்கைகள் காற்றைத் தாங்கவில்லை, மேல்நோக்கி மடங்கிவிட்டன. அவர் தெருவில் விழுந்து இறந்தார். பலூனை ஓட்டிய சிம்மன்ஸ் அதைப் பார்த்து மயங்கிவிட, பலூன் தன்போக்கில் எசெக்ஸ் வரை மிதந்து ஒரு ரயில் பாதைமேல் இறங்கியது. வந்துகொண்டிருந்த ரயிலை ஓட்டுநர் சரியான நேரத்தில் நிறுத்தியதால் அவர் உயிர் தப்பினார்.

டி குரோஃப் விழுந்தது தெருவில், வீடுகளுக்கு நடுவே. முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூங்காவைச் சுற்றிலும் நிறையத் திறந்தவெளி இருந்தது. 1801இல் செல்சீயின் மக்கள்தொகை சுமார் 12 ஆயிரம், 1851இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் கூடிக்கொண்டே போனது. 1874இலேயே செல்சீ கரையில் கல்லடுக்கிய அணையும் அகலச் சாலையும் திறக்கப்பட்டன. சேறும் நாற்றமுமாக இருந்த ஆற்றங்கரை, பெரிய மனிதர்கள் வீடு கட்ட விரும்பும் இடமாகிவிட்டது.

இப்போது லைசென்ஸ் கதைக்கு வருவோம். 1751ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, லண்டனிலும் அதைச் சுற்றி 20 மைலுக்குள்ளும் இசையும் நடனமும் நடத்துகிற இடங்கள் நீதிபதிகளிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதை ஆண்டுதோறும் அக்டோபரில் புதுப்பிக்க வேண்டும். இந்த ஆண்டுக் கணக்கு ரொம்ப முக்கியம். ஒருமுறை கொடுத்து முடிகிற அனுமதியாக இருந்திருந்தால், அக்கம்பக்கத்தார் ஒருமுறை தோற்று அடங்கியிருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு விசாரணை என்னும்போது, புதிதாகக் குடிவந்தவர்கள் அத்தனை பேரும் அடுத்த அக்டோபருக்குக் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பார்கள். செல்சீ வட்டார நிர்வாக சபை 1857லிருந்து எதிர்ப்பு மனு போடத் தொடங்கியது. பூங்காவை மூடவைக்க அதற்கு இருபது ஆண்டு பிடித்தது.

அந்தப் புகார்களை வெறும் போலி ஒழுக்கம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ராத்திரி ஒரு மணிக்குக் குதிரை வண்டிகள் கத்திக்கொண்டு போகிற தெருவில் கைக்குழந்தையோடு தூங்கப் பார்த்தவர்களுக்கு அது உண்மையான துன்பம். ஆனால் மனுக்களில் மற்றொரு கவலையும் இருந்தது. பூங்காவால் வீடுகளின் மதிப்பு குறைகிறது என்பது. பழி முழுதையும் அங்கே வந்த பெண்களின் தலையில் போட்டார்கள். அவர்களைத் தேடி வந்த ஆண்கள், மனு எழுதியவர்கள் மதித்த குடும்பங்களிலிருந்தும்தான் வந்தார்கள்.

கடைசி அடியைக் கொடுத்தவர் ஆல்ஃபிரட் பிராண்டன் என்ற செல்சீ பாப்டிஸ்ட் போதகர். பூங்காவைக் கடுமையாகத் தாக்கிச் செய்யுள் வடிவில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். நடத்துநர் ஜான் பாம் அவதூறு வழக்குப் போட்டார். 1877இல் தீர்ப்பு வந்தது. பாம் ஜெயித்தார், நஷ்டஈடு ஒரு ஃபார்திங். அதாவது கால் பென்னி. நம் ஊர் காலணா மாதிரி. அவரவர் வழக்குச் செலவு அவரவருக்கு. சட்டப்படி நீ சொல்வது சரி, ஆனால் உன் பெயருக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று ஜூரி சொன்னதற்குச் சமம் அது. ஏற்கனவே கடனில் இருந்த பாம் அதோடு ஓய்ந்துபோனார். அந்த அக்டோபரில் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை.

லைசென்ஸ் கிடைத்திருந்தால் பூங்கா பிழைத்திருக்குமா? இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். மழைக்கு ஒதுங்கத் தேவையில்லாத மியூசிக் ஹால்கள், அதாவது பாட்டும் வேடிக்கையும் நடக்கும் கூரையுள்ள அரங்குகள், நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டன. ஒரு நாள் லீவு கிடைத்தால் ரயிலேறிக் கடற்கரைக்கே போய்வர முடிந்தது. இன்னொரு பக்கம், 12 ஏக்கரை மனை போட்டு வீடு கட்டினால் வருஷம் முழுக்க வாடகை வரும். கோடையில் மட்டும், அதுவும் வெயில் இருந்தால் மட்டும் சம்பாதிக்கும் பூங்கா அதோடு போட்டி போட முடியாது. மூடியதும் என்ன நடந்தது என்று பார்த்தாலே தெரியும். 1878இல் தளவாடங்கள் ஏலத்துக்கு வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் நடன மேடை இருந்த இடமெல்லாம் தெருக்கள். 1905 வாக்கில் பக்கத்திலேயே லாட்ஸ் ரோடு மின் நிலையம் வந்தது, லண்டன் பாதாள ரயிலுக்கு மின்சாரம் கொடுக்க. கிங்ஸ் ரோடு கேட் ஒரு மதுபான ஆலைக்குப் போய், நூறு ஆண்டு கழித்து, இப்போதுள்ள சின்னப் பூங்காவுக்குத் திரும்பி வந்தது.

பெயர் மட்டும் கடல் தாண்டியும் போயிருந்தது. கிரெமோர்னை நடத்தி நொடித்துப்போன ஜேம்ஸ் எல்லிஸ், தங்க வேட்டைக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1853இல் மெல்பர்னின் யாரா ஆற்றங்கரையில் இன்னொரு கிரெமோர்ன் கார்டன்ஸ் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக மனிதர் ஏறிய பலூன் 1858 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கிருந்துதான் புறப்பட்டது. அதுவும் 1863இல் மூடி, மனநோயாளர் காப்பகமாகிவிட்டது. ஆற்றங்கரையில் உள்ள அந்தப் பேட்டைக்கு இன்றும் பெயர் கிரெமோர்ன்.

லண்டன் கிரெமோர்னுக்கு அருகே ஆற்றைப் பார்த்த வீட்டில் குடியிருந்தவர் அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர். படகுக்காரர் ஒருவரின் மகன்களான வால்டர் கிரீவ்ஸும் ஹென்றி கிரீவ்ஸும் அவரை ராத்திரியில் ஆற்றில் படகில் அழைத்துப் போவார்கள். பூங்காவின் இரவுகளை அவர் பல படங்களாக வரைந்தார். அவற்றில் ஒன்று, வாணம் வெடித்துச் சிதறி விழும் காட்சி, 1877இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. விலை 200 கினி. ஒரு கினி என்றால் ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். பெயிண்ட் டப்பாவை மக்கள் முகத்தில் வீசியதற்கு இவ்வளவு விலையா என்று விமர்சகர் ஜான் ரஸ்கின் எழுத, விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. அவரும் ஜெயித்தார், அவருக்கும் கிடைத்தது ஒரு ஃபார்திங். வழக்குச் செலவால் அடுத்த ஆண்டு திவாலானார். கிரெமோர்னை வைத்து ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு வழக்குகள், இரண்டு ஃபார்திங்குகள்.

விசாரணையில், இது கிரெமோர்னின் காட்சியா என்று விஸ்லரைக் கேட்டார்கள். அப்படிப் பெயர் வைத்தால் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும் என்றார் அவர். அப்போது பூங்கா மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. படம் இப்போது அமெரிக்காவில், டெட்ராய்ட் கலைக்கூடத்தில் தொங்குகிறது. அதில் நடன மேடை இல்லை, சீன மண்டபம் இல்லை. கரும்பச்சை இருட்டு, புகை, மேலிருந்து இறங்கும் பொன் பொறிகள். கீழே, கரை என்று ஊகிக்கக்கூடிய இடத்தில், பின்னால் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிய வண்ணத்தில், இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.